கொடுவாள் கருவியா, ஆயுதமா?

இயற்கை விவசாயத்துக்குப் புதுசா வருகிறவர்கள் எங்கள் சித்தேரி மலைக்கு வந்தால் முதலில் கேட்பது ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம், மீன் அமிலம். அடுத்தது விதை. "நல்ல கொடுவாள் எங்க கிடைக்கும்?" என்று கேட்டு வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். களைக்கொல்லி அடிக்க மாட்டேன் என்று ஒருவர் முடிவெடுத்த அன்றைக்கே, அந்த மருந்து செய்துகொண்டிருந்த வேலை அவர் கைக்கு வந்துவிடுகிறது. வரப்புப் புல்லை அறுக்கணும், தழைக்குக் கிளை கழிக்கணும், மூடாக்குக்குத் தட்டை நறுக்கணும், வேலியில் முள் ஒதுக்கணும். ஆள் கிடைக்கவில்லை என்று எல்லோரும் புலம்புகிறோம். மழுங்கின அரிவாளால் ஒரு நாள் வேலை ஒன்றரை நாள் ஆவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இன்னொரு பக்கம், கொடுவாளைக் கையில் எடுத்துக்கொண்டு அரூர் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் நகர்ந்து உட்காருகிறார். சாக்கில் சுற்றி, சீட்டுக்கடியில் தள்ளி, ஏதோ திருட்டுச் சாமான் மாதிரி கொண்டுவர வேண்டியிருக்கிறது. அரிவாள் என்றாலே சினிமா ஞாபகம்தான் வருது. 2005இல் வந்த திருப்பாச்சி படத்தில் கதாநாயகனே அரிவாள் அடிக்கிற பட்டறைக்காரர். ஆனால் படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் மனதில் நின்றது வீச்சுதான், பட்டறை இல்லை.

இந்த இரட்டை முகம் புதுசு இல்லீங்க. அரிவாள் என்ற பெயருக்குள்ளேயே வாள் இருக்கிறது. அரிகிற வாள் அரிவாள். 'கொடு' என்றால் வளைவு. வளைந்த வாள் கொடுவாள். வீட்டில் காய் நறுக்கும் அரிவாள்மனையிலும் அதே வாள்தான் உட்கார்ந்திருக்கிறது. போருக்கு ஒரு சொல், வயலுக்கு ஒரு சொல் என்று நம் மொழி இரும்பைப் பிரித்து வைக்கவில்லை. அரூர், செங்கம் பக்கத்து நடுகற்களைப் பாருங்கள். மாடு பிடிக்க வந்தவர்களை எதிர்த்தும், மாடு மீட்கப் போயும் செத்துப்போன வீரன் ஒரு கையில் வில்லும் இன்னொரு கையில் குறுவாளுமாக நிற்பான். தருமபுரி அருங்காட்சியகத்தில் இப்படிப்பட்ட கற்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். சண்டை எதுக்கு? மாட்டுக்கு. அதாவது விவசாயத்துக்கு. எங்கள் பக்கத்து முனியப்பன் கையிலும் வெட்டுக்கத்திதான். ஊர் எல்லையில் காவலுக்கு உட்கார்ந்தவருக்கு, ஊர்க்காரன் தான் வைத்திருப்பதையே பெரிசா அடித்துக் கொடுத்திருக்கிறான்.

வேலைதான் வடிவத்தைத் தீர்மானிக்குது

கருவி எது, ஆயுதம் எது என்று கண்ணால் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். கையில் பிடித்தால் இன்னும் நன்றாகத் தெரியும். வாளின் எடை பிடிக்குப் பக்கத்தில் நிற்கும். சட்டென்று திருப்பணும், தடுக்கணும், இழுக்கணும் என்பதற்காக அப்படிச் செய்வார்கள். கொடுவாளின் எடை நுனிப் பக்கம் போகும். மரக்கிளை திருப்பி அடிக்காது. எனவே திருப்ப வேண்டியதில்லை. மேலிருந்து இறங்கும்போது இரும்பின் எடையே வெட்டிவிட வேண்டும், கை வழிகாட்டினால் போதும். விரல் ஒன்றைப் பிடிக்கு முன்னால் அலகுக்கடியில் கொடுத்துத் தூக்கிப் பாருங்கள். மூக்குப் பக்கம் சாய்ந்தால் அது வேலைக்கு அடித்த கத்தி.

அடுத்தது மூக்கு. கொடுவாளின் நுனி உள்பக்கம் வளைந்திருப்பது அழகுக்கு இல்லை. முள்ளை இழுத்துப் போட, எட்டாத கொம்பைக் கிட்டே கொண்டுவர, வெட்டின கிளையைக் கை வைக்காமல் புரட்ட அதுதான் விரல். கூர்முனையாகக் குத்துகிற மாதிரி இருந்தால், கல்லில் மோதி முதல் வாரத்திலேயே உடையும். எங்கள் சரிவு நிலத்தில் கல் அதிகம். கை நீளத்துக்கு அடித்த வீச்சரிவாளை இங்கே சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஒரு காலைச் சரிவில் ஊன்றி, ஒரு கையால் செடியைப் பிடித்துக்கொண்டு வெட்டுகிறவனுக்கு நீளம் ஆபத்து. முழங்கையிலிருந்து விரல் நுனிவரை உள்ள அளவுக்குள் பிடியோடு சேர்த்து அடங்கினால் போதும்.

கதிர் அறுக்கும் அரிவாள் வேறு சாதி. அதில் எடைக்கு வேலையே இல்லை, இழுப்புக்குத்தான் வேலை. பிறை மாதிரி உள்வளைவு இருப்பதால் ஒரு பிடித் தாள் நழுவாமல் வளைவுக்குள் சேர்ந்து நிற்கும். கருக்கரிவாளின் பற்கள் பிடியை நோக்கிச் சாய்ந்திருக்கும். எனவே இழுக்கும்போதுதான் அறுக்கும். காய்ந்த சாமைத் தாளுக்கும் நெல்லுக்கும் கருக்கு நல்லது. பச்சைப் புல்லுக்குக் கருக்கில்லாத வாய்தான் சுகம். கருக்கில் புல் சாறு ஏறி அடைத்துக்கொள்ளும். கருக்கரிவாளை எக்காரணம் கொண்டும் சாணைச் சக்கரத்தில் கொடுக்காதீர்கள். பல் போய்விடும். கருக்கு வெட்டத் தெரிந்த கொல்லரிடம் கொடுத்துப் பல் போட்டு வாங்க வேண்டும்.

தழை வெட்டும்போது ஒன்று கவனியுங்கள். கிளைரிசிடியாவோ புங்கனோ, மேலிருந்து கீழே ஓங்கி வெட்டினால் பட்டை கிழிந்து அடிமரம்வரை உரிந்துவிடும். கீழிருந்து மேலாக, சாய்வாக வெட்டினால் வெட்டு வாய் சுத்தமாக இருக்கும், மழைத் தண்ணி நிற்காது, துளிரும் சீக்கிரம் வரும். களையைப் பூக்கு முன்னால் அறுத்து அதே இடத்தில் போட்டால் மூடாக்கு. பூத்து விதை கட்டின பிறகு அறுத்துப் போட்டால் அடுத்த வருசத்துக்கு விதைப்பு.

கொடுவாளால் ஆகாத ஒன்றும் உண்டு. அது உண்ணிச்செடி. மேலே வெட்ட வெட்ட இரண்டு பங்காகத் துளிர்க்கும். மண்ணுக்குக் கீழே இரண்டு மூன்று விரல் ஆழத்தில், தண்டு வேராக மாறுகிற கழுத்துக்கும் கீழே, கொத்தால் வெட்டித் தூக்கித் தலைகீழாகப் போட வேண்டும். பூ, காய் இல்லாத பருவத்தில் செய்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும்.

கடல் கடந்தும் இதே கதை

நம் ஜனங்கள் பஞ்சத்துக்கும் கங்காணிக்கும் தப்பாமல் மலேசியா ரப்பர் தோட்டங்களுக்குப் போனார்களே, அங்கே காடு வெட்டவும் புதர் ஒதுக்கவும் புழங்கிய கத்தியின் பெயர் பாராங். மலாய்ச் சொல். இன்றைக்கும் அங்கே வருகிற தமிழ்ப் பத்திரிகைகளில் 'பாராங் கத்தியால் வெட்டு' என்று செய்தி வரும். ஆனால் அதே பாராங்தான் அங்கே ஒவ்வொரு தோட்டத்து வீட்டிலும் இளநீர் சீவுது, மூங்கில் பிளக்குது.

அந்தச் சொல் இந்தோனேசியா முழுக்க உண்டு. அங்கே தீவுக்கு ஒரு கத்தி. மேற்கு ஜாவாவில் கோலோக் என்று குட்டையான, வயிறு பருத்த கத்தி. நம் கொடுவாளுக்குத் தம்பி. மதுரா என்று ஒரு தீவு. நம்ம மதுரை இல்லை. வறண்ட பூமி, மக்காச்சோளமும் மாடும்தான் பிழைப்பு, காளை ஓட்டப் பந்தயம் அங்கே பெரிய திருவிழா. மாட்டுக்குப் புல் அறுக்கும் பிறை அரிவாளுக்கு அங்கே செலுரித் என்று பெயர். மானப் பிரச்சினை வந்தால் மதுராக்காரர்கள் அதே அரிவாளோடு நேருக்கு நேர் நிற்கிற ஒரு சண்டை முறையும் உண்டு. அதனால் நாடு முழுக்க மதுராக்காரன் என்றாலே செலுரித் என்று கேலியும் பயமுமாகப் பேசுகிறார்கள். காலையில் புல் அறுக்கிறவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கேட்ட மாதிரி இருக்கா?

உலகம் அறிந்த இந்தோனேசியக் கத்தி கிரிஸ். பாம்பு மாதிரி நெளிந்த அலகு. 2005இல் யுனெஸ்கோ அதை மனித குலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. அது வயலுக்குப் போகாத கத்தி, இடுப்பில் செருகுகிற மரியாதை. எனக்கென்னவோ அதைவிடப் பெரிய கத்தி அங்கே இன்னொன்று இருப்பதாகத் தோன்றுகிறது. உள்ளங்கைக்குள் மறைந்துபோகிற சின்ன நெல் கத்தி. அனி-அனி என்பார்கள். ஒரு சின்ன மரத் துண்டில் விரல் நீள அலகு. பெண்கள் அதை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கதிராகக் கிள்ளி அறுப்பார்கள். நெல்லுக்கு அதிபதி தேவி ஸ்ரீ. பெரிய அரிவாளைக் கண்டால் அவள் மிரண்டுவிடுவாள், அதனால் கத்தியைக் கைக்குள் மறைத்து அறுக்கணும் என்பது நம்பிக்கை. நம்பிக்கை இருக்கட்டும், அதற்குள் ஒரு விவசாய அறிவு இருக்கிறது. ஒவ்வொரு கதிராகப் பார்த்து அறுப்பதால் பழுத்தது மட்டும் வரும், விதைக்கு எடுக்க வேண்டிய கதிர் கண்ணில் படும், உயரம் முன்னே பின்னே இருக்கிற நாட்டு நெல்லுக்கும் ஒத்துவரும்.

பசுமைப் புரட்சி வந்தது. குட்டை ரகம், ஒரே உயரம், ஒரே நேரத்தில் பழுப்பு, சீக்கிரம் மணி உதிர்கிற குணம். 1970களில் ஜாவாவில் வியாபாரிகள் நிற்கிற பயிரையே மொத்தமாக வாங்கி, சில ஆட்களை வைத்து அரிவாளால் அறுக்க ஆரம்பித்தார்கள். ஊரே சேர்ந்து அறுத்துப் பங்கு வாங்கிய வழக்கம் சுருங்கியது. அறுப்புக்கு வந்துகொண்டிருந்த ஏழைப் பெண்களுக்கு வேலை போனது. விதை மாறினால் உரம் மாறும் என்று நாம் பேசுகிறோம். கத்தியும் மாறும், கத்தி மாறினால் யாருக்குச் சோறு என்பதும் மாறும். எங்கள் மலையில் ராகியை இன்னமும் கதிராகத்தான் கொய்கிறோம், தட்டை பிறகு மாட்டுக்கு. அப்படிக் கொய்கிறபோது விதைக் கதிரை மடியில் தனியாகப் போட்டுக்கொள்கிற பெண்ணுக்குச் சின்ன அரிவாள்தான் சரி. அறுவடை இயந்திரத்துக்கு அந்தக் கண் கிடையாது.

போலீஸ்காரர் கேட்டால்?

இப்போது சட்டத்துக்கு வருவோம். இதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதால்தான் நம்மவர்கள் கூனிக் குறுகுகிறார்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 2வது பிரிவில் ஆயுதம் என்றால் என்ன என்று விளக்கம் சொல்கிறது. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே என்று செய்யப்பட்ட பொருள்கள் ஆயுதத்தில் சேராது என்று அதிலேயே இருக்கிறது. அந்தச் சட்டத்தின் விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு என்று ஓர் அளவு வருகிறது. அதைச் சிலர் அரைகுறையாகச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். அந்த வரியிலும் வீட்டு, விவசாய, தொழில் உபயோகக் கருவிகளுக்கு விலக்கு உண்டு. பக்கத்தில் குடகு நாட்டுக்காரர்களுக்கு ஒருபடி மேலே, துப்பாக்கிக்கே உரிமம் வேண்டாம் என்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்து விலக்கு இருக்கிறது. மத்திய அரசு 2029 வரை அதை நீட்டித்திருக்கிறது. அவர்களுடைய ஒடிக்கத்தியும் ஒரு காலத்தில் போர்க்கத்திதான். இன்றைக்குக் கல்யாணத்தில் வாழை மரம் வெட்டுகிறது.

2021இல் தமிழ்நாட்டில் தொடர் கொலைகள் நடந்தபோது, கத்தி அரிவாள் செய்கிறவர்களும் விற்கிறவர்களும் வாங்குகிறவரின் பெயர், முகவரி, எதற்கு வாங்குகிறார் என்பதையெல்லாம் எழுதி வைக்கணும் என்று காவல்துறைத் தலைமை உத்தரவு போட்டது. நோக்கம் தப்பில்லை. ஆனால் அதன் சுமை யார் தலையில் விழுந்தது? கூலிப்படைக்காரன் பட்டறைக்கு ஆதார் அட்டையோடு வரப் போவதில்லை. நோட்டும் பேனாவும் வாங்கி வைத்தவர், உலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற வயசான கொல்லர். "எதுக்குங்க வம்பு, மம்பட்டி மட்டும் அடிச்சுத் தரேன்" என்று சொல்கிறவரை நானே பார்த்திருக்கிறேன். பெயரும் ஊரும் கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள். ரசீது கொடுத்தால் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அது கொல்லருக்கும் பாதுகாப்பு, நமக்கும் பாதுகாப்பு.

காட்டுக்குள் போகும்போது மட்டும் கணக்கு வேறு. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆயுதம் என்ற சொல்லுக்குள் கத்தி, வலை, கொக்கிகூட அடங்கும். சரணாலயத்துக்குள் எழுத்துமூலமான அனுமதி இல்லாமல் அதோடு நுழையக் கூடாது. நம் மாவட்டத்திலும் கிருஷ்ணகிரியிலும் பரவிக் கிடக்கிற காவிரி வடக்குச் சரணாலயத்தை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்கள் இதை மனதில் வைக்கணும். ஒரே கொடுவாள், ஒரு சட்டத்தில் கருவி, இன்னொன்றில் ஆயுதம். சித்தேரி அடிவாரத்தில் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தன மரத்தைக் காரணம் காட்டி அந்த ஊருக்குள் புகுந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் என்ன செய்தார்கள் என்பதை 2011இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பாக எழுதியது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த நினைப்பு இருக்கிற மலையில், காக்கிச் சட்டை கேள்வி கேட்டால் கையில் கத்தி வைத்திருப்பவர் வாய் திறக்க மாட்டார். சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்திருந்தால் கொஞ்சமாவது குரல் வரும்.

இரும்பு பார்த்து வாங்குவது

இந்தப் பூமிக்கு இரும்பு அந்நியம் இல்லை. அரூர்ப் பக்கத்துத் தீர்த்தமலையும் சேலத்துக் கஞ்சமலையும் இரும்புக்கல் மலைகள். 1830களில் ஹீத் என்ற வெள்ளைக்காரர் சேலத்து இரும்புக்கல்லை நம்பிப் பறங்கிப்பேட்டையில் பெரிய ஆலை போட்டார், நிலைக்கவில்லை. கிருஷ்ணகிரி மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அரசு அறிவித்தது. இவ்வளவு வரலாறு இருந்தும் இன்று கொல்லர் உலையில் வேகிறது பழைய லாரி கமான் பட்டை. அதில் குறையில்லை. கமான் பட்டையில் கரிச்சத்து நூற்றுக்கு அரைப் பங்குக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். கத்திக்கு அது பொருத்தமான அளவு. கட்டடக் கம்பியிலோ கம்பி வேலித் தகட்டிலோ அடித்தால் எத்தனை தோய்ச்சல் போட்டாலும் வாய் நிற்காது, கரிச்சத்து போதாது.

தோய்ச்சலில்தான் கொல்லரின் கை தெரியும். இரும்பைச் செம்மஞ்சளாகக் காய்ச்சி, வாயை மட்டும் முக்குவார்கள். முதுகு மெதுவாக ஆறும். அதனால் வாய் கெட்டியாகவும் முதுகு முறியாமலும் இருக்கும். கமான் பட்டையை முழுசாகப் பச்சைத் தண்ணியில் போட்டால் விரிசல் விடலாம். பழைய எண்ணெய் உத்தமம். தோய்த்த உடனே வாய் கண்ணாடி மாதிரி, கல்லில் பட்டால் சில்லு பெயரும். எனவே ஒரு பக்கம் தேய்த்துப் பளபளப்பாக்கி, முதுகை மறுபடி தணலில் காட்டுவார்கள். நிறம் ஓடி வரும்: வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம். கதிர் அரிவாளுக்கு மஞ்சள் தாண்டிப் பழுப்பு தொட்டால் நிறுத்தணும். கொடுவாளுக்கு ஊதா வாய்க்கு வரும்வரை விடணும்; அடி தாங்கும்.

இதே காரணத்தால்தான் மின்சாணையில் கொடுக்கும்போது ஜாக்கிரதை வேண்டும். பொறி பறக்கத் தேய்த்து வாய் நீலமாகிவிட்டால் தோய்ச்சல் போச்சு. பிறகு எவ்வளவு தீட்டினாலும் ஒரு புளியங்கிளைக்குள் மழுங்கும். தண்ணி தொட்டுத் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். வீட்டில் ஒரு தீட்டுக்கல் இருந்தால் பாதி நாள் சாணைக்கே போக வேண்டாம்.

வாங்கும்போது நூலில் கட்டித் தொங்கவிட்டு விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். மணி மாதிரி நீண்டு ஒலித்தால் நல்லது. பொத்தென்று அடங்கினால் உள்ளே விரிசல் இருக்கலாம். சின்ன அரத்தை வாயில் வைத்து இழுத்தால் கடிக்காமல் வழுக்கணும். வழுக்கவே வழுக்கினால் பதம் இறக்கவில்லை என்று அர்த்தம், லேசாகப் பிடித்துப் பிடித்துப் போவது சரி. பிடிக்குள் போகிற வால் எவ்வளவு நீளம் என்று கேளுங்கள். வால் குட்டையாக இருந்தால் பூண் கழன்று, ஓங்கின வேகத்தில் அலகு பறக்கும். பக்கத்தில் நிற்பவர் காலில்தான் விழும். பிடிக்கு ஊஞ்ச மரமோ வேலமரமோ போடலாம். பிளாஸ்டிக் பிடி வேர்வையில் வழுக்கும்.

முன்னெல்லாம் கொல்லருக்குக் களத்துமேட்டில் வருசத்துக்கு ஒரு தடவை தானியம் அளந்துவிடுவார்கள். வருசம் பூரா கருவி அவர் பொறுப்பு. இப்போது காசுக்கு ஒரு தட்டு. அடுப்புக்கரி விலை ஏறுகிறது, மகன் திருப்பூருக்குப் போய்விட்டான். நாலைந்து இயற்கை விவசாயிகள் சேர்ந்து ஒரு பட்டறையைப் பிடித்துக்கொண்டு, சாமை அறுப்புக்கு ஒரு மாதம் முன்னாலேயே எல்லாக் கருவியையும் மொத்தமாகக் கொடுத்தால் அவருக்கும் ஒரு வாரம் தொடர்ச்சியாக உலை எரியும். நாங்கள் சிலர் அப்படித்தான் செய்கிறோம். கூலியோடு ஒரு மரக்கால் சாமையும் கொடுக்கிறோம்.

வேலை முடிந்ததும் பலாப்பாலும் புளிக்கறையும் இல்லாமல் சாம்பல் போட்டுத் தேய்த்து, துடைத்து, புங்க எண்ணெய் தடவிக் கூரையில் செருகி வையுங்கள், வாய் சுவர்ப்பக்கம் பார்த்து. குழந்தைகள் கைக்கு எட்டாத உயரம்.